நோட்டில் கிடந்த மூன்றாவது வரி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் இதழியல் படித்துவிட்டு வந்தவர்கள். நான் எட்டாவதில் கணக்கில் தவறியவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் நான் சொல்லப்போவதில் பாதி பெருமையாகத்தான் இருக்கும்.

முப்பத்து நான்கு வருடம் திருவண்ணாமலையில் பகுதிநேர நிருபராக இருந்தேன். தீபம், தேர், பௌர்ணமிக் கூட்டம் என்று எல்லாரும் எழுதுவதை நானும் எழுதினேன். ஆனால் வேலூர் அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'சயின்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியில் இலைப்புள்ளி வந்தாலும், புது நெல் ரகம் வந்தாலும், ஊரில் ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னிடமிருந்துதான் செய்தி போகும். பெரிய பட்டம் வாங்கியவர்கள் ஒரு மணி நேரம் பேசுவதைப் பத்து வரியில் டீக்கடைக்காரருக்குப் புரிய வைப்பேன். புரியவில்லை என்றால் 'எனக்குப் புரியலீங்க' என்று கேட்பேன். படித்தவர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. எனக்கு அதுதான் முதலீடு.

மரபணு என்றால் என்ன என்று இந்த ஜில்லாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். 'உடம்பு தனக்குத் தானே எழுதி உள்ளே மடித்து வைத்திருக்கும் ஜாதகம்' என்று ஒருமுறை எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஒரு வேளாண் விஞ்ஞானி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எழுதியதையெல்லாம் வெட்டி ஒட்டிய நோட்டுகள் வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன.

ஆனால் நம் மாதிரி ஆட்களுக்குப் பேப்பரில் பெயர் கிடையாது. எல்லாமே 'நமது நிருபர்'தான். முப்பத்து நான்கு வருடத்தில் என் பெயர் ஒரே ஒரு முறைதான் அச்சில் வந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்ட கையோடு, சுற்று வட்டார மாடுகளுக்குத் தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பியது. டாக்டர்கள் தோல் கழலை நோய் என்றார்கள். ஊரில் மாட்டுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். காய்ச்சல், கால் வீக்கம், தீனி எடுக்காமல் நிற்பது, பால் குறைவது. நானும் விடாமல் செய்தி அனுப்பினேன். உள்பக்கத்தில் நாலு வரியாகச் சுருங்கிச் சுருங்கி வந்தது.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் இந்நேரம் ஒட்டியிருக்கும். நோய்க்கு முன்னால் 'மர்ம' என்று சேர்த்தால் செய்தி ஒரு படி மேலே ஏறும். தலைப்பின் வாலில் கேள்விக்குறி போட்டால் இன்னொரு படி ஏறும். கேள்வியாகக் கேட்டுவிட்டால் நம்மை யாரும் பிடிக்கவும் முடியாது. சொன்னால்தானே பொய்? கேட்டால் என்ன தப்பு? இந்த வித்தையில் என்னை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆளே கிடையாது.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடந்தது. போனேன். கால்நடை டாக்டரம்மா சின்ன வயது, வேகமாகப் பேசுவார். ஊசி போட்டுக்கொண்டே எனக்கு மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, இது வைரஸால் வருவது, ஈயும் கொசுவும் கடித்து மாட்டுக்கு மாடு பரவுகிறது. இரண்டு, கலப்பின மாடுகளை ஜாஸ்தி வாட்டுகிறது, நாட்டு மாடுகளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தாங்கும் சக்தி இருக்கிறது. மூன்று, இது மனிதருக்குத் தொற்றாது, பாலை எப்போதும் போலக் காய்ச்சிக் குடிக்கலாம்.

மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மூன்றாவது வரியைப் போட்டால் செய்தியில் ஒன்றும் மிஞ்சாது என்று.

படத்துக்கு மாடு தேடினேன். முகாமுக்குப் பக்கத்து வீட்டில் சரோஜா என்ற அம்மா இரண்டு மாடு வைத்துக் கிரிவலப் பாதைக் கடைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கணவர் காலமாகி நாலைந்து வருடம். இரண்டில் ஒரு மாட்டுக்குக் கழுத்திலும் தொடையிலும் கட்டிகள்.

"அம்மா, மாட்டுப் பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க. ஒரு படம் எடுத்துக்கறேன்."

"இருங்கண்ணா, இந்த நைட்டியோடயா?" என்று உள்ளே ஓடிப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மாட்டின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பேப்பர்ல வருமாண்ணா?"

"நான் எடுத்தா வரும்மா."

வந்தது. திங்கட்கிழமை, மாவட்டப் பக்கத்தில் தலைச்செய்தியாக. 'கலப்பின மாடுகளுக்கு மர்ம நோய்: மரபணுக் கோளாறு காரணமா? பால் குடிக்கலாமா?' கீழே சரோஜாவும் மாடும் பெரிய படமாக. நான் ஐந்து பேப்பர் வாங்கினேன். ஒன்பது மணிக்குள் யாரோ அதை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். என் செய்தியே என் போனுக்கு மூன்று பேரிடமிருந்து வந்தது. 'குழந்தைகளுக்குப் பால் கொடுக்காதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று அடியில் ஒருவர் சேர்த்திருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. செய்தி எவ்வளவு தூரம் போகிறது என்றுதான் பூரித்தேன்.

வியாழக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு எதிரில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்குச் சரோஜா வந்தார். பஸ்ஸில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். என் மேசை மேல் டங்கென்று வைத்தார்.

"குடிங்கண்ணா."

"இன்னாம்மா இது?"

"பாலு. காலையில கறந்தது. கட்டி வந்த மாட்டுதுகூட இல்ல, நல்லா இருக்கிற மாட்டுது. ஏழு கடைக்கு ஊத்தறேன், ஏழு கடையும் வேணாம்னுட்டான். மூணு நாளா நானும் கன்னுக்குட்டியும்தான் குடிச்சிட்டிருக்கோம். நீங்களும் கொஞ்சம் குடிங்க."

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "எங்கடையிலயும் திங்கக்கெழமையிலேருந்து பாதிப் பேரு பால் இல்லாம வர டீதான் கேக்கறாங்க. மாட்டு ஜாதகத்துலயே கோளாறாம், அது பாலு வழியா புள்ளைங்களுக்கு எறங்கிடுமாம். எல்லாம் அண்ணன் புண்ணியம்."

என் உவமை எப்படித் திரும்பி வந்து என்னை அறைந்தது பாருங்கள். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் எங்கம்மா குடிக்காதீங்கன்னு எழுதினேன்? குடிக்கலாமான்னுதானே கேட்டிருக்கேன்? கேள்விக்குறி போட்டிருக்கேன் பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணா. ஆனா ஒருத்தரு கேட்டா பதில் சொல்லணும்னு தெரியும். ஊரைக் கூட்டி வச்சுக் கேட்டீங்களே, பதில் எங்க? நான் சொன்னா 'நீ பால் விக்கறவ, அப்படித்தான் சொல்லுவே'ன்றான். பேப்பர்ல என் மூஞ்சி இருக்குது, மாட்டு மூஞ்சி இருக்குது. பதில் மட்டும்தான் இல்ல."

நான் கேனை மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன். அவர் விடவில்லை.

"நாளைக்குப் பௌர்ணமி. மாசத்துல அந்த ஒரு நாள் பாலு பத்தாது, கெஞ்சுவானுங்க. அன்னிக்கும் வாங்கலன்னா இனிமே எப்பவும் வாங்க மாட்டானுங்க. மாட்டுத் தரகரு காலையிலயே வரேன்னிருக்காரு. ரெண்டையும் ஓட்டி விட்டுட வேண்டியதுதான். சின்னவ நர்சிங் ரெண்டாவது வருஷம். அவளைப் படிக்க வைக்கிறது நான் இல்லண்ணா, அந்த ரெண்டும்தான்."

கிளம்பினார். கேன் அங்கேயே இருந்தது.

"கேனை விட்டுட்டுப் போறீங்களேம்மா?"

"சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன். காலியா இருக்கணும்."

அவர் போன பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அவர் கேட்ட பதில் என் கையெழுத்திலேயே அங்கே கிடந்தது. மூன்றாவது வரி. கீழே கோடுகூடப் போட்டிருந்தேன், விட்டுவிட வேண்டும் என்பதற்கு அடையாளமாக.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"சார், என்கிட்ட பேச உங்களுக்கு எப்படி மனசு வருது? நேத்து ஒரு தெருவே ஊசி போட விடல. 'மரபணுலயே கோளாறுன்னா ஊசி போட்டு இன்னா ஆவப்போவுது'ன்னு கேக்கறாங்க. அந்தத் தெருவுல ரெண்டு கன்னுக்குட்டி இன்னிக்குப் படுத்துடுச்சு."

"நீங்கதானேம்மா கலப்பினத்துக்கு ஜாஸ்தி வருதுன்னீங்க..."

"சார், ஒரே மழையில நாலு பேர் நனையறாங்க. ஒருத்தருக்கு சளி பிடிக்குது, ஒருத்தருக்குப் பிடிக்கல. அதுக்காக சளி பரம்பரை நோயா? உடம்புவாகு வேற, நோய் வேற. நோய் வைரஸ்லதான் வருது. தாங்கற சக்திதான் பிறப்புல வருது. அதைத்தான் சொன்னேன். பாலைப் பத்தியும் சொன்னேனே, எழுதிக்கிட்டீங்களே, நான் பார்த்தேனே!"

பார்த்திருக்கிறார். மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன், எழுதினேன், எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினேன். முப்பது வருடத்தில் எழுதியதைப் படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதை விட்டதில்லை.

அப்புறம் டீக்கடைக்காரரிடம் அந்தப் பாலைக் காய்ச்சச் சொன்னேன்.

"நெஜமாவாண்ணே?"

"காய்ச்சுய்யா."

பொங்கப் பொங்கக் காய்ச்சி ஒரு கிளாஸ் கொடுத்தார். கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள், நான் குடித்ததும் மாடு மாதிரி கத்தப்போகிறேன் என்பது போல. இன்னொரு கிளாஸ் கேட்டேன். "சரி, நமக்கும் ஒண்ணு ஊத்து" என்று ஒரு ஆட்டோக்காரர் முன்னால் வந்தார். அதற்கப்புறம் கேன் காலியாக நேரமாகவில்லை. ஆனால் ஒரு டீக்கடையில் ஒரு கேன் காலியாவதும், ஊர் முழுக்கப் போன செய்தியைத் திருப்பி எடுப்பதும் ஒன்றல்ல.

வேலூர் டெஸ்க்கில் ஒரு உதவி ஆசிரியர் இருந்தார். என் எழுத்துப் பிழைகளை முப்பது வருடம் திருத்தியவர். நேரில் நான் பார்த்தது இரண்டே முறை. அவருக்குப் போன் போட்டேன்.

"சொல்லு சயின்ஸ்."

"சார், திங்கக்கிழமை மாட்டுச் செய்திக்கு ஒரு மறுப்பு போடணும்."

"டாக்டர் மறுக்கறாங்களா?"

"இல்ல சார்."

"கலெக்டர் ஆபீஸா?"

"இல்ல சார். நான்தான்."

"நோட்டு இருக்கா? அன்னிக்கு எழுதினதை அப்படியே படி" என்றார். மூன்று வரியையும் படித்தேன்.

"மூணாவது எனக்கு வரலையே?"

"அனுப்பல சார்."

"மறந்து விட்டியா, வேணும்னு விட்டியா?"

தம்பிகளா, இந்த இடத்தில் 'மறந்துட்டேன் சார்' என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது.

"வேணும்னுதான் சார்."

"ம்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "ரெண்டு வழி இருக்கு. ஏழாம் பக்கத்துல, 'தவறுக்கு வருந்துகிறோம்'னு சின்னக் கட்டம் போட்டுடறேன். ஒருத்தர் கண்ணுலயும் படாது. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அந்தம்மாவுக்கு?"

"அந்தம்மாவுக்கு உபயோகம் இல்ல. அவங்களுக்கு உபயோகமா வேணும்னா அதே இடம், அதே அளவு, அதே படம் வேணும். அதுக்கு நீதான் எழுதணும். இன்னது கேட்டேன், இன்னதை விட்டேன், இதுதான் உண்மைன்னு. 'நமது நிருபர்'னு போட முடியாது. கீழ உன் பேர் வரும். ஆசிரியர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆறு மணிக்குள்ள சொல்லு."

எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன் என் பெயர் அச்சில் வர! வருவது இப்படியா வரவேண்டும்? எட்டாவது தாண்டாதவனை நிருபராக வைத்தால் இப்படித்தான் என்று சொல்லக் காத்திருந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாயில் நானே அள்ளிப் போடுவதா? இனிமேல் எந்த டாக்டர் எனக்குப் பேட்டி கொடுப்பார்? நாலு மணி வரை பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்குச் சரோஜா வந்தார். கேனைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். அவர் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு இளக்கம் தெரிந்தது.

"பதில் கெடச்சுதாண்ணா?"

"நாளைக்குப் பேப்பர்ல வருதும்மா" என்று சொல்லிவிட்டேன். நான் அதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் சொல்லிவிட்டேனே. அப்புறம் எழுத அரை மணி நேரம்தான் ஆனது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஐந்து பேப்பரை வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு என் டிவிஎஸ்ஸில் அடி அண்ணாமலைக்கு விரட்டினேன். கிரிவலப் பாதையில் அதற்குள்ளாகவே ஜனம் நடக்க ஆரம்பித்திருந்தது. சரோஜா வீட்டு வாசலில் தரகர் நின்றுகொண்டிருந்தார். மாட்டு வியாபாரத்தில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா, அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார்.

"துண்டு எதுக்கு? இன்னா குடுப்பேன்னு சத்தமா சொல்லுங்க. ஊரே கேக்கட்டும்" என்றார் சரோஜா.

தரகர் விலை சொல்வதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பிரித்தார். "இது வந்ததுக்கப்புறம் யாரு நல்ல விலை குடுப்பாங்க, நீயே சொல்லு தாயி" என்று நீட்டினார்.

அது என் செய்தி. மார்ஜின் விட்டு, கோணாமல் அழகாக வெட்டியிருந்தார். என் பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறேனே, அதே மாதிரி. என் எழுத்தை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த வாசகரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டி அவர் எத்தனை வீட்டில் விலையைக் குறைத்திருப்பார் என்று நினைத்தேன்.

அன்றைய பேப்பரை அவரிடம் கொடுத்தேன். அதே பக்கம், அதே படம். 'அந்தப் பாலைக் குடிக்கலாம்' என்று தலைப்பு. கேள்விக்குறி இல்லை.

உதடு அசைய நிதானமாகப் படித்தார். பழைய காகிதத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களே எழுதறீங்க, நீங்களே இல்லன்றீங்க. நாங்க எதைங்க நம்பறது?"

"கீழ பேரு இருக்குது பாருங்க. பேரு போட்டதை நம்புங்க" என்றேன்.

"இன்னாண்ணா எழுதியிருக்குது?" என்று சரோஜா கேட்டார். அங்கேயே நின்று முழுவதையும் சத்தமாகப் படித்தேன். 'டாக்டர் சொன்னதை நான் எழுதிக்கொண்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்' என்ற இடத்தையும் விடாமல் படித்தேன். தெருவில் நாலு பேர் கூடியிருந்தார்கள். அந்தத் தெருவில் எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வந்து என் கையிலிருந்து ஒரு பேப்பரை உருவிக்கொண்டு போய்த் தன் கடையில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமையும் அவர்தான் படித்தாராம்.

தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி தாயி, நான் வரேன்."

"கன்னு விக்கற மாதிரி இருந்தா சொல்லி அனுப்பறேன். காகிதம் இல்லாம வாங்க" என்றார் சரோஜா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அன்று சாயந்திரம் ஏழு கடையில் நாலு கடைக்காரர்கள் பால் வாங்கினார்கள். இரண்டு கடைக்காரர்கள் அடுத்த வாரம் வாங்கினார்கள். ஒரு கடை இன்று வரை வாங்கவில்லை. கட்டி வந்த மாடு தேறியது, தழும்போடு. டாக்டரம்மா அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஊசி வேண்டாம் என்ற தெருவுக்குப் போனார். வரிசையாக மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். ஆனால் படுத்த இரண்டு கன்றில் ஒன்று எழுந்திருக்கவில்லை. அந்தக் கன்றுக்கு என் பதில் போய்ச் சேரவில்லை.

ஒரு மாதம் ஊரில் எனக்குப் 'பால் குடிக்கலாம்' என்றுதான் பெயர். பேட்டி கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தேனே, நேர்மாறாக நடந்தது. அதற்குப் பிறகு எந்த நோய் வந்தாலும் டாக்டரம்மா முதல் போன் எனக்குத்தான் போடுவார். போட்டதும் "நோட்டு இருக்கா சார்?" என்பார். நான் எழுதி முடித்ததும், "படிங்க" என்பார்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டாக்டரோ விஞ்ஞானியோ பேசும்போது, எந்த வரியைக் கேட்டதும் 'அய்யோ, செய்தி போச்சே' என்று உங்கள் மனசு சோர்ந்து போகிறதோ, அந்த வரியை முதலில் எழுதுங்கள். யாரோ ஒருவர் வீட்டில் அந்த வரிக்காகத்தான் காத்திருப்பார்கள்.

அன்று கொண்டுபோன ஐந்து பேப்பரில் ஒன்றைச் சரோஜாவிடமும் மீதியைக் கடை கடையாகவும் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதனால் பீரோவில் திங்கட்கிழமைச் செய்தி இருக்கிறது, என் பெயர் வந்த வெள்ளிக்கிழமைச் செய்தி இல்லை.

போன மாட்டுப் பொங்கலன்று சரோஜா வீட்டுக்குப் போனேன். சின்ன மகள் இப்போது நர்ஸாக வேலை பார்க்கிறாள். மாட்டுக் கொட்டகைச் சுவரில் வெள்ளிக்கிழமைப் பேப்பரின் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. புடவை கட்டிய சரோஜா, பொட்டு வைத்த மாடு, கீழே நான் எழுதியது. மாடுகளுக்கெல்லாம் பொட்டு வைத்தவர், படத்தில் இருந்த மாட்டுக்கும் கண்ணாடி மேல் ஈரக் குங்குமம் வைத்திருந்தார். அது வழிந்து இறங்கி, அடியில் என் பெயரில் பாதியை மறைத்திருந்தது.

நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டார்.

"தொடைச்சிடட்டுமாண்ணா?" என்று முந்தானையை எடுத்தார்.

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றேன். "மீதிப் பேரு ஊருக்கே தெரியும்."